பக்கத்து சீட்டுக்காரர்

விழிஞ்ஞத்தில் கார் ஓட்டக் கற்பவருக்குச் சாலையைவிடப் பெரிய பயம், கம்பிகளுக்கு நடுவே ‘எச்’ போடுவது. பக்கத்து சீட்டில் சொல்லிக் கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக். அவருக்கும் தகுதி உண்டு என்பது பலருக்கு 2024-இல்தான் உறைத்தது.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 24-ஆவது விதி கறாரானது. பயிற்சியாளர் பத்தாவது தேறியிருக்க வேண்டும். 5 வருடம் வண்டி ஓட்டியிருக்க வேண்டும். கூடவே மோட்டார் மெக்கானிக் சான்றிதழ். வண்டியின் பாகங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று விளக்கவும் தெரிய வேண்டும். (நடுங்குகிறவரை அதட்டாமல் கற்பிக்கும் பொறுமை மட்டும் பட்டியலில் இல்லை.)

போக்குவரத்து அமைச்சர் கே.பி. கணேஷ்குமார் டெஸ்ட்டைக் கடுமையாக்கியபோது, அந்த மே மாதம் ஸ்கூல்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். திருவனந்தபுரத்தின் முட்டத்தறை மைதானத்திலும் போராட்டம். அடுத்து, அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளரே மைதானத்துக்கு நேரில் வர வேண்டும் என்ற நிபந்தனை. சான்றிதழ் ஒருவருடையது, கற்பிப்பவர் வேறொருவர் என்பது அரசின் சந்தேகம். ஒரே ஆள் மைதானத்திலும் வகுப்பிலும் எப்படி இருப்பார் என்பது ஸ்கூல்காரர்களின் கேள்வி. இரண்டிலும் உண்மை இல்லாமலில்லை.

சிக்கிக்கொள்பவர், பல வருடம் கற்பித்தும் காகிதம் இல்லாதவர். பத்தாவதுக்கு மாநில எழுத்தறிவு இயக்கத்தின் சமநிலைத் தேர்வு இருக்கிறது. மெக்கானிக் சான்றிதழுக்கு ஐ.டி.ஐ. போனால், அத்தனை மாதமும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.