குத்தகைக்காரன் உறுதி எழுதலாமா?

மக்கள் ஆணையிட்டுவிட்டனர், இனி எந்த நீதிமன்றத்துக்கும் மறுமொழி கூறவேண்டியதில்லை என்பது, பெரும்பான்மை பெற்ற ஆட்சியாளர் இந்நாட்டில் வழிவழியாகக் கூறிவரும் வாதம். வாக்கென்பது ஐந்தாண்டுக் குத்தகை, அறுதியுறுதியன்று. வயலைக் குத்தகைக்கு எடுத்தவன் எல்லைக்கல்லைப் பிடுங்கி, தவணையையும் தானே நீட்டிக்கொண்டால் அவனை என்னென்பது? கிளிநொச்சிக் கமக்காரனுக்கு இதைச் சட்டக்கல்லூரி கற்பிக்கவேண்டியதில்லை.

சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவே அன்று எமது எல்லைக்கல். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. சிங்களத் தேர்ச்சியின்மையால் சம்பள உயர்ச்சி மறுக்கப்பட்ட எழுதுவினைஞர் கோடீஸ்வரன் வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அச்சட்டம் செல்லாதென்றது. அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின் மீது வழக்காட இயலாதெனக் காரணங்காட்டி, 1967இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1969இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில், வழக்காடலாம் என்று கூறி, சட்டம் செல்லுமா என்ற மூலவினாவை இங்கே திருப்பி அனுப்பியது. அவ்வினாவுக்கு விடை வரவேயில்லை. 1970இல் மூன்றிலிரண்டு பெற்ற அரசு 1971இல் பிரிவிக் கவுன்சில் மேன்முறையீட்டை ஒழித்தது. 1972இன் யாப்பில் 29ஆம் பிரிவைக் கைவிட்டது. நிறைவேறிய சட்டத்தைச் சோதிக்கும் அதிகாரத்தையும் நீதிமன்றத்திடமிருந்து பறித்தது.

தமிழனுடைய வழக்குத்தானே என்று தெற்கிலே பலர் வாளாவிருந்தனர். ஆனால் 1975இல் கலையவேண்டிய பாராளுமன்றம், அதே யாப்பைக் காட்டி 1977வரை நீடித்தபோது, பறிபோனது சிங்கள மகனின் வாக்குமன்றோ! அடுத்து ஆறில் ஐந்து பங்கு பெற்று வந்தோர் இன்னுங் கெட்டிக்காரர். 1982இல் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக விளக்கா, குடமா என்று சர்வசன வாக்கெடுப்பு நடத்தினர். யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்கு வாக்களித்தனர். நாடளாவிய கணக்கிலே விளக்கு 54.7 சதவீதம் பெற்று வென்றது. 1977க்குப் பின் அடுத்த பொதுத்தேர்தல் 1989இலேதான்.

2010இல் பதினெட்டாந் திருத்தம் அவசரச் சட்டமூலமாக வந்து சனாதிபதியின் பதவிக்கால வரம்பை நீக்கியதும், 2013இல் பிரதம நீதியரசர் பதவி நீக்கப்பட்டதும் யாவரும் அறிந்தவை.

2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்திக்கு 159 ஆசனங்கள் கிடைத்தன. யாழ்ப்பாண மாவட்டமும் தன் ஆறில் மூன்றை ஈந்தது. நல்லவர்கள் என்கிறார்கள், இருக்கட்டும். 1978 யாப்பின் 80(3)ஆம் உறுப்புரையோ, நிறைவேறிய சட்டத்தின் வலிதை எந்த நீதிமன்றமும் வினவலாகாது என்கின்றது. அடுத்த முறை உங்கள் ஊர் மண்டபத்துக்கு வாக்குக் கேட்டு வருவோரிடம், அவர் எக்கட்சியினராயினும், அந்த உறுப்புரையை எப்போது நீக்குவீர் என்று நாளும் திகதியும் கேளுங்கள்.