சோளம் மட்டும் போதுமா?

கடல் கடந்து வரும் பண்டங்களை நாம் இரு வகையாக எதிர்கொள்கிறோம். சிலர், "நமக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று முகம் சுளிப்பர். சிலர் விலை உயர்ந்த பொட்டலத்தை வாங்கி வந்து பெருமை பேசுவர். இரண்டும் சரியன்று என்பது என் கருத்து. பிறர் உணவை நம் அடுப்பில் நாமே செய்து பார்க்க வேண்டும். அதைக் கண்டறிந்தவர்களின் அறிவையும் சேர்த்துக் கற்க வேண்டும்.

மெக்சிகோ நாட்டு 'டாக்கோ'வை எடுத்துக் கொள்வோம். 'டோர்ட்டியா' என்னும் மெல்லிய சோள ரொட்டியில் கறியோ காயோ வைத்து மடித்து உண்பது அது. வேக வைத்த பீன்ஸ் விதை, தக்காளி, வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி வைத்து, எலுமிச்சை பிழிந்தால் சைவ டாக்கோ. தவக்காலத்து வெள்ளிக்கிழமைக்கு ஏற்ற உணவு. இதில் நமக்கு அந்நியமானது எது? மிளகாயும் தக்காளியும் மக்காச்சோளமும் 1492-க்குப் பின் அமெரிக்கக் கண்டத்திலிருந்து உலகெங்கும் பரவியவை. வெங்காயமும் கொத்தமல்லியும் நம் புளியும் இப்பக்கத்திலிருந்து அங்கே சென்றவை. ஆக, இது தூரத்து உறவினர் வீட்டு விருந்தே!

எங்கள் வீட்டில் முதலில் செய்தபோது கடையில் வாங்கிய மக்காச்சோள மாவைப் பிசைந்து தட்டினோம். கல்லில் போடுவதற்குள் உடைந்து உதிர்ந்தது. காரணத்தைப் பிறகே அறிந்தேன். மெக்சிகோ நாட்டுப் பெண்கள் சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு நீரில் வேக வைத்து, இரவு முழுவதும் ஊற வைத்து, கழுவி, நம் அம்மியைப் போன்ற கல்லில் அரைப்பார்கள். தோல் கழன்று, மாவு ஒட்டும் பதம் பெறும். சோளத்தில் அடைபட்டுக் கிடக்கும் நியாசின் என்னும் உயிர்ச்சத்தும் உடலில் சேரும். 3,000 ஆண்டுகளுக்கு முன்பே கண்ட முறை இது!

ஐரோப்பியர் சோளத்தைக் கொண்டு சென்றனர். இம்முறையைக் கொண்டு செல்லவில்லை. விளைவு என்ன? சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் 'பெல்லாக்ரா' என்னும் நோய் பற்றியது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்துப் பலர் மாண்டனர். ஸ்பெயினில் 1735-இல் காணப்பட்ட அந்நோய் இத்தாலியையும், பின்னர் அமெரிக்காவின் தென் மாநிலங்களையும் வாட்டியது. நியாசினே மருந்து என்று அறிவியல் 1937-இல்தான் கண்டது. தானியத்தை மதித்தவர்கள், அதைப் பக்குவப்படுத்திய பெண்களின் அறிவை மதிக்கவில்லை. அந்த அலட்சியத்தின் விலை எத்தனை உயிர்கள்!

நம் புதுச்சேரியிலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. நம் வீட்டு வடகம் 'வாதுவான்' என்ற பெயரில் பிரெஞ்சுச் சமையலறைகளில் மணக்கிறது. அதை வாங்குவோர், மாடியில் வெங்காயம் பிசைந்து, உருட்டி, வெயிலில் காய வைத்த கைகளை நினைப்பார்களா? அவர்கள் இருக்கட்டும், நாம் நினைக்கிறோமா? ஆய்வுக்கூடத்தில் கற்பதே அறிவியல், பாட்டிக்குத் தெரிந்தது வெறும் சமையல் என்றுதானே எண்ணுகிறோம்!

தோழியரே, விடுமுறையில் செய்து பாருங்கள். மக்காச்சோள மாவும் கோதுமை மாவும் சம அளவு எடுத்து, உப்பிட்டு, வெந்நீரில் பிசைந்தால் உடையாது. இது அசல் டோர்ட்டியா அன்று, ஆயினும் ருசிக்கும். ராஜ்மாவை முதல் நாள் இரவே ஊற வைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் நன்றாகக் கொதித்துக் குழையும் வரை வேக வையுங்கள். அரைகுறையாக வெந்தால் வயிற்றுக்கு ஆகாது.

அன்றே பாட்டியின் அருகில் அமர்ந்து, வடகத்துக்கு ஏன் அத்தனை நாள் வெயில் என்றும் கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கேட்காமல் விட்டால் நம் வீட்டிலும் வடகம் இருக்கும். அதன் அறிவு இருக்காது.