தூண்டில் போட்டா திருடனா?

போன வாரம் கனடாவுலேர்ந்து ஒரு போட்டோ வந்துச்சு. ஒரகடத்துல என்னோட ஒரே ஷிஃப்ட்ல வேலை பார்த்த நண்பன், இப்ப பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் குடும்பத்தோட செட்டில் ஆயிட்டான். கோடை லீவுக்கு ஏரிக்கரையில கூடாரம் அடிச்சு மூணு நாள் தங்கியிருக்கான். கையில ஒன்றரை சாண் நீளத்துக்கு வெள்ளி மாதிரி மின்னுற மீன். "மச்சி, இதுக்குப் பேரு கொக்கனி"ன்னு கீழ ஒரு வரி.

தூண்டில் பைத்தியம் புடிச்ச எவனும் இதோட விடமாட்டான். உடனே போன் போட்டு ஒரு மணி நேரம் கதை கேட்டேன். கொக்கனி வேற ஒண்ணும் இல்ல, சாக்கை சால்மன்னு ஒரு கடல் மீன் இருக்கே, அதோட ஏரி வாரிசு. கடலையே பார்க்காம ஏரியிலயே பொறந்து, ஏரியிலயே வளர்ந்து, மூணு நாலு வயசுல செக்கச்செவேல்னு நிறம் மாறி, ஒரே ஒரு தடவை முட்டை போட்டுட்டு செத்துப் போயிடுமாம். கோடையில மேல்தண்ணி சூடாயிடுறதால ஆழத்துல இருக்கிற குளிர்ந்த தண்ணிக்கு இறங்கிடும். அதனால கரையில உக்காந்து தக்கை போட்டா வேலைக்கு ஆகாது. படகுல போய், கருவியில மீன் எந்த ஆழத்துல நிக்குதுன்னு பார்த்து, முள்ளோட ஒரு சின்ன உலோகத் துண்டை நேரா கீழ இறக்கி, சுண்டித் தூக்கி விழவிடணும். மறுபடி தூக்கணும், விழவிடணும். இதுக்குப் பேரு ஜிக்கிங். முள்ளு நுனியில ஒரு வெள்ளைச் சோளம். வாய் ரொம்ப மெல்லிசு, வெறி புடிச்சு இழுத்தா உதடு கிழிஞ்சு போயிடும். அது தின்னுறது தண்ணியில மிதக்குற கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிர்களை. அப்புறம் எதுக்கு இந்த உலோகத்தைக் கடிக்குதுன்னா, பசியில இல்லையாம், எரிச்சல்லன்னு சொல்றாங்களாம். நம்ம மேனேஜர்கள் மாதிரி :-)

"எத்தனை புடிச்ச?"ன்னு கேட்டேன். "அதுக்கு மேல புடிக்கக் கூடாதுடா, ஒரு நாளைக்கு இத்தனைன்னு கணக்கு இருக்கு. நான் லைசென்ஸ் எடுத்திருக்கேன். பையனுக்கு எடுக்கல, 16 வயசுக்குக் கீழ இருந்தா தேவையில்ல"ன்னான்.

அந்தக் கடைசி வரி என்னை என்னமோ பண்ணிடுச்சு. ஏன்னா அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை நடந்தது வேற.

எங்க வீட்டுலேர்ந்து பத்து நிமிஷத்துல ஒரு ஏரி. எந்த ஏரின்னு சொல்லல, வேண்டாம். என் பையனுக்கு ஒன்பது வயசு. காலையில ஆறு மணிக்கு மூங்கில் கழி, தக்கை, கோதுமை மாவு உருண்டையோட போனோம். ரெண்டு ஜிலேபி கெண்டை மாட்டுச்சு. அவன் குதிச்ச குதியைப் பார்க்கணுமே! அப்ப ஒரு பைக் வந்து நின்னுச்சு. "யாரைக் கேட்டு தூண்டில் போடுற? குத்தகை எடுத்திருக்கோம்ல?" நான் பதில் சொல்றதுக்குள்ள கழியைப் புடுங்கி முழங்கால்ல வச்சு ரெண்டா உடைச்சுட்டாரு. மீனையும் எடுத்துக்கிட்டாரு. நான் ஒண்ணும் பேசல. திரும்பி வரும்போது வண்டியில பின்னாடி உக்காந்துக்கிட்டு பையன் மெதுவா கேட்டான். "அப்பா, நாம திருடுனோமா?"

அதுக்கு நான் அப்ப பதில் சொல்லல. இந்தப் பதிவுதான் பதில்னு வச்சுக்குங்க.

முதல்ல குத்தகைக்காரர் பக்க நியாயத்தைச் சொல்லிடுறேன். மீன் பாசி ஏலத்துல காசு கட்டித்தான் எடுக்கிறாரு. கட்லா, ரோகு, மிருகால்னு குஞ்சு வாங்கி விடுறாரு. 2015 டிசம்பர் மாதிரி வெள்ளம் வந்தா போட்ட குஞ்செல்லாம் கலங்கல் வழியா போயிடும். 2019 கோடை மாதிரி வறண்டா மிச்சமும் போச்சு. என்னோட ரெண்டு ஜிலேபி அவருக்கு நஷ்டம் இல்லதான். ஆனா ஞாயித்துக்கிழமை ஆனா இருபது பேர் வந்து உக்கார்ந்தா? அவர் கோபம் எனக்குப் புரியுது. என் சண்டை அவரோட இல்ல. ஏரின்னா கிலோ கணக்கு மீனு, அதைத் தவிர வேற ஒண்ணுமில்லன்னு நினைக்கிற ஏற்பாட்டோடதான்.

காஞ்சிபுரம் பக்கம் ஏரி மாவட்டம்னு பேர் வாங்கின பூமி. ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரின்னு ஒண்ணோட உபரித் தண்ணி இன்னொண்ணுக்குப் போயி கடைசியில செம்பரம்பாக்கத்துல சேரும். செம்பரம்பாக்கம் முழுசா ரொம்பினா 24 அடி, 3645 மில்லியன் கன அடி. சென்னைக்காரங்க குடிக்கிற தண்ணி. இந்த ஏரிகளை எல்லாம் யார் பார்த்துக்கிட்டாங்க? அதுல பாசனம் பண்ணின விவசாயிங்க. மதகு ஒழுகினா அவங்க நெல்லு காயும், அதனால ஓடி வந்தாங்க. 1998ல இருங்காட்டுக்கோட்டையிலேர்ந்து ஹூண்டாய் கார் வெளிய வந்துச்சு, 2010ல ஒரகடத்துல ரெனோ-நிசான் வந்துச்சு. நடுவுலயும் அப்புறமும் எத்தனையோ. நானே அந்தச் சோத்தைத்தான் தின்னுறேன், குறை சொல்ல வரல. ஆனா வயல் பிளாட்டாவும் ஷெட்டாவும் ஆன இடத்துல, ஏரிக்குப் போக எவனுக்கும் ஒரு காரணம் இல்லாம போச்சு. காரணம் இல்லாத ஏரியில ராத்திரியில டேங்கர் வந்து என்னத்தைக் கொட்டுதுன்னு யாருக்குத் தெரியும்?

தூண்டில்காரனுக்குத் தெரியும். தக்கையைப் பார்த்துக்கிட்டு மூணு மணி நேரம் உக்கார்றவனுக்கு தண்ணியோட நிறம் தெரியும், வாடை தெரியும். ஒரு வருஷம் நான் வழக்கமா போற மூலையில கெண்டை சுத்தமா நின்னு போச்சு. விரால், தேளி, ஆப்பிரிக்கக் கெளுத்தி மட்டும் மாட்டுச்சு. இதுங்க மூணும் மேல வந்து காத்தைக் குடிச்சுப் பொழைக்கிற ஜாதி. கெண்டைக்கு தண்ணியில கரைஞ்ச ஆக்சிஜன் வேணும். அப்ப என்ன அர்த்தம்? தண்ணி செத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். எந்த அதிகாரியும் வந்து பார்க்கல. பார்த்தது நானும், ஞாயித்துக்கிழமை லீவுக்கு கடுகுப் புண்ணாக்கு உருண்டையோட வர்ற ஒடிசா, வங்காளப் பசங்களும்தான். அதே பசங்களையும்தான் திருடன்னு துரத்துறோம்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் வெட்கமான கொசுவத்தி. நான் பத்தாவது படிக்கும்போது எங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர் தூண்டில் சொல்லிக் குடுத்தாரு. ஒரு தடவை கரையோரம் சிவப்பா ஒரு கொத்து, தண்ணியில பூ மிதக்குற மாதிரி. விரால் குஞ்சு. கீழயே தாயும் தகப்பனும் காவல். "குஞ்சோட இருக்கிற விராலைத் தொடாதடா, ஒரு குடும்பத்தையே அழிச்ச பாவம்"னு சொன்னாரு. மறுநாள் அவருக்குத் தெரியாம தனியா போனேன். குஞ்சுக்குப் பக்கத்துல தவளையை விட்டுத் தூக்கித் தூக்கித் தட்டினேன். பசியில இல்ல, புள்ளையைக் காப்பாத்துற கோபத்துல கடிச்சுது. பெரிய விரால். மூணாம் நாள் போய்ப் பார்த்தா அந்தச் சிவப்புக் கொத்து இல்ல. இன்னிக்கு வரைக்கும் அது எனக்கு உறுத்துது.

அந்தப் பெரியவர் எந்தச் சட்டமும் படிக்கல. ஊர்ல ஒரு முறை இருந்துச்சு. தூண்டிலோட கூட அந்த முறையும் கைமாறிச்சு. இப்ப தூண்டிலே கூடாதுன்னா என் பையனுக்கு இதை எந்தக் கரையில நின்னு சொல்லுவேன்?

"வெளிநாட்டுக் கதையெல்லாம் இங்க ஒத்துவராது"ன்னு சிலர் வருவீங்க. நம்ம நீலகிரிக்கு வேட்டை, மீன் பாதுகாப்புக்குன்னே 1879ல சட்டம் போட்டாச்சு அண்ணே. துரைமாருங்க டிரௌட் புடிக்கிற ஓடைக்கு முறை இருந்துச்சு, நம்ம ஏரிக்கு மட்டும் வராதா? அங்க எல்லாமே சரியாவும் இல்ல. ஒக்கனாகன்னு ஒரு பெரிய ஏரி, மீனுக்கு நல்ல தீனின்னு நினைச்சு 1966ல ஒரு வகை இறாலை விட்டாங்க. அது கொக்கனியோட சாப்பாட்டையே தின்னுடுச்சு. நாம 1952ல ஜிலேபியை இந்தியாவுக்குள்ள விட்ட கதைதான். ஆனா மீன் குறைஞ்சுடுச்சுன்னதும் 1995ல அந்த ஏரியில கொக்கனி புடிக்கிறதையே நிறுத்திட்டாங்க. பல வருஷம் கழிச்சுதான் மறுபடி அனுமதி. அமெரிக்காவுல 1950லேர்ந்து தூண்டில் சாமான் மேல போடுற வரியை மீன்வளத்துக்கே திருப்பி விடுறாங்க. புடிக்கிறவன் காசு மீனுக்குப் போகுது.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. மீன் பாசி ஏல நிபந்தனையில நாலு வரி சேருங்க. வலை கிடையாது, ஆளுக்கு ஒரே ஒரு தூண்டில். நாள் சீட்டு இருபதோ ஐம்பதோ, அதுல பாதி குத்தகைக்காரருக்கு, பாதி ஏரிக்கு. 16 வயசுக்குக் கீழ இலவசம். இத்தனை மீனுக்கு மேல கூடாது, குஞ்சோட இருக்கிற விராலைத் தொடக் கூடாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினா திரும்ப விடக் கூடாது, அது வளர்க்கவே தடை பண்ணின மீன். மதகு, கலங்கல், சவுடு எடுத்த பள்ளம் பக்கம் யாரும் போகக் கூடாது, உயிர் முக்கியம். வெடி, விஷம் வச்சு மீன் புடிக்கிறது 1897 சட்டத்துலயே குத்தம். சீட்டு வாங்கின இருபது பேர் கரையில இருந்தா அதைச் செய்யறவனுக்கும் பயம் வரும்.

எங்க ஆளுங்க மேலயும் தப்பு இருக்கு. நரம்பை அறுத்துக் கரையில போட்டுட்டுப் போறோம், கொக்கு காலு மாட்டிக்குது. பாட்டிலை உடைக்கிறவனும் எங்கள்ல இருக்கான். சீட்டுன்னு ஒண்ணு இருந்தா அதைப் பறிக்கவும் முடியும். இப்ப பறிக்க என்ன இருக்கு, கழியைத் தவிர?

பையன்கிட்ட நேத்து ராத்திரி சொன்னேன். "திருடலடா. ஆனா கேட்டு எடுக்கிறதுக்கு ஒரு வழி இருக்கணும், அது இன்னும் வரல." கொஞ்ச நேரம் யோசிச்சான். "யாரைக் கேக்கணும்பா?" அதான் எனக்கும் தெரியல. முதல்ல அந்தக் குத்தகைக்காரரையே போய்ப் பார்த்துப் பேசலாம்னு இருக்கேன். கழி இல்லாம.

உங்க ஊர் ஏரியில, குளத்துல தூண்டிலுக்கு என்ன முறை இருந்துச்சு, இப்ப என்ன நடக்குதுன்னு சொல்லுங்க மக்களே. நிஜமாவே தெரிஞ்சுக்கணும்.

டிஸ்கி: கொக்கனி சுவை எப்படின்னு நண்பனைக் கேட்டேன். மிளகாய்த்தூள் போட்டு தோசைக்கல்லுல வறுத்தானாம். "நம்ம விரால் குழம்பு கிட்ட நிக்காதுடா"ன்னான். அதுக்காகவாவது ஏரி இருக்கணும் :-)