தற்காலிகம் என்பது எத்தனை காலம்?

ஆட்சியாளருக்குத் "தற்காலிகம்" என்னும் சொல்லைப் போல வசதியான சொல் பிறிதொன்றில்லை. தகரத்தின் வெப்பத்தையும், காற்றோட்டமில்லாச் சிற்றறையையும், பலர் வரிசையில் நிற்கும் கழிப்பிடத்தையும் அவ்வொரு சொல்லால் மூடிவிடலாம். நகரங்கள் நாளுக்குநாள் பெருகுகின்றன. தொழில் தேடி வருவோருக்கும், நகர நிர்மாணத்துக்காக எழுப்பப்படுவோருக்கும், அனர்த்தத்தில் வீடிழந்தோருக்கும் இடைக்கால வீடு அவசியமே. அது எத்தகைய வீடு, எத்தனை காலத்துக்கு என்பதே நாம் எழுப்பும் வினா.

இரண்டாம் உலகப் போரில் வீடிழந்தோருக்காகப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1944 இல் தற்காலிக வீடமைப்புக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. தொழிற்சாலைகளிற் பகுதி பகுதியாகச் செய்யப்பட்ட வீடுகள் 1949 அளவில் 1,56,000க்கு மேல் எழுந்தன. ஏறக்குறையப் பத்தாண்டுகளுக்கென வகுக்கப்பட்ட அவற்றுட் சில இந்நூற்றாண்டிலும் குடியிருப்புக்களாக நிலைத்தன. தவணை தவறியது உண்மை. ஆயினும் குளியலறையும், வெந்நீரும், ஒழுங்கான சமையலறையும் முதல் நாளிலேயே அமைந்திருந்தமையால் அங்கு வாழ்ந்தோரின் மதிப்புக் குன்றவில்லை.

ஹொங்கொங் நகரின் அனுபவம் வேறு. 1953 டிசம்பர் 25 இரவு ஷெக் கிப் மேய் குடிசைப் பகுதியில் மூண்ட தீ ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வீடற்றோராக்கியது. அவர்களுக்கென விரைந்து கட்டப்பட்ட மாடிகளில் வளர்ந்தோர் ஒருவருக்கு 24 சதுர அடியே அளக்கப்பட்டது. குழாயும் கழிப்பிடமும் பொது. அவசரத்தில் வகுத்த அந்த அளவுக்குள்ளேயே பலர் ஆண்டுக்கணக்காக வாழ நேர்ந்தது. அதே நகரம் 2022 இல், பொது வீட்டுக்குக் காத்திருப்போருக்காக 30,000 இலகு வீடுகளை அமைக்கும் திட்டத்தை அறிவித்தது. பொருத்தவும், பின்னர் கழற்றி வேறிடத்தில் மீளப் பயன்படுத்தவும் ஏற்ற அறைகளாக அவை வகுக்கப்பட்டன.

கழற்றிப் பூட்டும் வித்தை எம்மவர்க்குப் புதிதன்று. கிடுகு வேய்ந்த வீட்டை மீள மேய்வதும், பழைய ஓலையைத் தோட்டத்திற் பசளையாகத் தாழ்ப்பதும் எமது கமக்காரர் அறிந்தவை. எமக்கு வாய்க்காதது சட்டத்தின் காவலே. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோரிற் பலர் கால் நூற்றாண்டு கடந்தும் நலன்புரி முகாம்களில் இருந்தனர். 2004 ஆழிப்பேரலையின் பின், வடக்கு கிழக்கில் 200 மீற்றரும் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருமெனக் கடலோரத் தடைவலயம் விதிக்கப்பட்டது. தம் காணிக்குத் திரும்பவும் இயலாது, மாற்றுக் காணியும் கிடையாது மக்கள் கொட்டில்களிற் காத்திருந்தனர். பலகையோ தகரமோ இன்மையால் அவர்கள் காத்திருக்கவில்லை. காணிக்குத் தீர்வின்மையாலேயே காத்திருந்தனர்.

ஆகவே நாம் கேட்பன மூன்று. இடைக்கால வீட்டின் தவணை சட்டத்திற் குறிக்கப்பட வேண்டும். அது கடந்தால் குடியிருப்போர் நீதிமன்றம் செல்லும் உரிமை பெற வேண்டும். நிரந்தர வீட்டுக்கான காணி, முதற் கொட்டகை எழும் நாளிலேயே ஒதுக்கப்பட வேண்டும். நீர், கழிப்பிடம், இடவளவு ஆகியவற்றில் "தற்காலிகம்" எனக் கூறிக் குறைவைத்தல் கூடாது.

தவணை குறிக்காத குத்தகைக்கு எந்தக் கமக்காரனும் கையொப்பமிடான். வீடிழந்தவன் மட்டும் அத்தகைய வாக்குறுதியை நம்பிக் காத்திருக்க வேண்டுமென்பது எந்த நியாயம்?