ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வாடகை வீடு



பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் கிடையாது. கணவரும் இல்லை. பிறந்த வீட்டுத் தென்னந்தோப்பில் தம் பங்கை விற்ற பணம் கையில் இருக்கிறது.

"கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் டி.பி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு வீடு வருகிறது. இரண்டரை சென்ட். முன்னால் தையல் கடை, பின்னால் ஒரு போர்ஷன், மாடியில் ஒரு போர்ஷன். விலை 1 கோடியே 60 லட்சம். மாதம் 49,000 ரூபாய் வாடகை வருகிறது, உட்கார்ந்து சாப்பிடலாம் என்கிறார் தரகர். வாங்கலாமா?" இதுதான் கேள்வி.

ஆர்.எஸ்.புரம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? பிளேக் நோய்க்குப் பயந்து ஊர் மேற்கே விரிந்த காலத்தில் உண்டான பேட்டை. ரத்தினசபாபதி முதலியார் பெயரால் ரத்தினசபாபதிபுரம். நேர்நேராக வீதிகள், சிறுவாணித் தண்ணீர், கூப்பிடு தூரத்தில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, துணிக்கடை. காலி என்று பலகை மாட்டினால் ஆள் வந்துவிடும். தரகர் இவ்வளவையும் சொல்லியிருப்பார். அதில் பொய் எதுவும் இல்லை.

ஆனாலும் நான் அந்தச் சகோதரிக்கு ஒரே ஒரு யோசனை எழுதினேன்: தரகர் இல்லாமல் ஒரு சாயங்காலம் தனியாகப் போய், அங்கே குடியிருக்கும் பெண்களிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வாருங்கள் என்று. வீட்டைப் பற்றி அதன் சொந்தக்காரருக்குத் தெரியாததுகூடக் குழாயடியில் நிற்பவளுக்குத் தெரியும்.

போனார். மாடி வீட்டு அம்மாள் காப்பி கொடுத்து உபசரித்துவிட்டு, "நாங்க வாடகை எதும் தர்றதில்லீங்கம்மா. ஆறு லட்சம் குடுத்துப் போக்கியத்துக்கு இருக்கறோமுங்க" என்றாளாம்.

போக்கியம் என்ன என்று கொங்கு நாட்டுப் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பது; காலி செய்யும்போது அந்தத் தொகை முழுவதும் திரும்பி வந்தாக வேண்டும். முத்திரைத் தாளில் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொண்ட போக்கியம் வில்லங்கச் சான்றில் வராது. விற்றவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்; ஆறு லட்சத்துக்குப் புதுச் சொந்தக்காரி முகத்தைத்தான் பார்ப்பார்கள். தையல் கடை கொடுத்திருக்கும் அட்வான்ஸும் அப்படியே. இரண்டையும் விலையில் கழித்துக்கொள்ளாமல் பேச்சையே ஆரம்பிக்கக் கூடாது.

இப்போது அடுப்படிக் கணக்குப் போல் ஒரு கணக்குப் போடுவோம். மாடியின் 12,000 கிடையாது. மீதி 37,000, வருஷத்துக்கு 4,44,000. வீட்டு வரி, தண்ணீர் வரி, வெள்ளையடிப்பு, ஒழுகுகிற குழாய், ஆள் மாறும்போது ஒரு மாசம் பூட்டிக் கிடப்பது எல்லாவற்றுக்கும் 64,000 தள்ளுங்கள். பழைய வீட்டுக்கு இது அதிகமில்லை. கைக்கு 3,80,000. போட்ட பணம் எவ்வளவு? விலையோடு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9. அது மட்டும் 14,40,000. மொத்தம் 1,74,40,000. நூறு ரூபாய் போட்டு வருஷத்துக்கு இரண்டே கால் ரூபாய்கூடத் தேறவில்லை! மாடியை மீட்டு வாடகைக்கு விட்டாலும் மூன்று ரூபாய் அளவில்தான் நிற்கும். பாங்கில் சும்மா போட்டு வைத்தாலே இதைப் போல் இரண்டு பங்கு வரும்.

"நிலத்தின் விலை ஏறுமே?" என்கிறீர்களா? வாஸ்தவம். சம்பளம் வருகிற வீட்டில் பிள்ளைகளுக்காக வாங்கிப் போடுகிறவர்களுக்கு அது போதும். இவருக்கோ மாசாமாசம் அரிசிக்கும் மருந்துக்கும் பணம் வேண்டும். அவசரத்துக்கு அரை சென்ட்டை மட்டும் கிள்ளி விற்க முடியுமா?

அது கிடக்கட்டும். பின் போர்ஷன் பாட்டி சொன்ன விஷயம்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "அந்தப் பெரியவருக்குப் பொண்ணுங்க ரெண்டு பேருங்க. ஒருத்தி ஈரோட்டுல, ஒருத்தி மெட்ராஸ்ல." தரகர் கொடுத்த நகல்களை எடுத்துப் பார்த்தேன். பெரியவர் 1961-ல் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. 1984-ல் உயில் எழுதாமலே காலமானார். 1992-ல் மகன்கள் மூவரும் பாகப்பத்திரம் எழுதிக்கொண்டார்கள். பெண்களின் கையெழுத்தே காணோம்!

1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சுயார்ஜித சொத்தில் மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவு. "கல்யாணத்தில் நகை போட்டு அனுப்பியாயிற்று" என்ற பேச்சு சட்டத்தின் முன் செல்லாது. அவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிரயப் பத்திரத்தில் அவர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே என்று தரகர் சாதிப்பார். பதிவானதைத்தான் அது காட்டும். விட்டுப்போன வாரிசைக் காட்டாது. நாளைக்கு அந்தப் பெண்கள் வழக்குப் போட்டால் ஜெயிப்பதும் தோற்பதும் பிறகு. கோர்ட்டுப் படியில் காத்துக் கிடக்கப் போவது நம் ஆசிரியை.

ஆர்.எஸ்.புரம் போன்ற பழைய பேட்டைகளில் மூன்றாம் தலைமுறை விற்கும் வீடுகள் ஏராளம். வாரிசுச் சான்றை வாங்கி, பத்திரத்தில் இருக்கும் பெயர்களோடு விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். (நீங்களே எங்கோ ஒரு வீட்டின் விட்டுப்போன மகளாக இருக்கலாம். அண்ணன் நீட்டுகிற காகிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.)

குடியிருப்பவர்கள் விஷயத்திலும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. 1960-ஆம் வருஷத்துப் பழைய சட்டம் போய்விட்டது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். தையல் கடைக்கு அந்தப் பதிவு எண் உண்டா என்று கேட்கச் சொன்னேன். "இருபது வருஷப் பழக்கம், எழுத்து எதற்கு?" என்றாராம் தரகர். பழக்கம் அவர்களுக்குள், வாங்குகிறவருக்கு என்ன பழக்கம்?

சகோதரிக்கு என் பதில் இது. மாதச் செலவுக்கான பணத்தை முதலில் பாங்கில் ஒதுக்குங்கள். வீட்டு ஆசை அதற்கு மேலும் மிஞ்சினால் சின்னதாக வேறு பார்க்கலாம். இந்த வீடுதான் வேண்டுமென்றால், ஈரோட்டு விலாசமும் சென்னை விலாசமும் கிடைத்து, இருவரும் கையெழுத்துக்குச் சம்மதித்த பிறகு பேசுங்கள். அதுவரை முன்பணம் என்று ஒரு ரூபாய்கூட வேண்டாம். ஒருவேளை ஏற்கெனவே கொடுத்திருந்தால், யார் பெயருக்கு, எந்தத் தேதியில், ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை உடனே எனக்கு எழுதுங்கள்.