மன்னார்த் தீவில் ஒரு பகல்

 

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்போம். எங்கள் பொன்னமராவதியில் அது ஒரு மாதத்துப் பேச்சு. இலங்கையின் வடபுலத்து மன்னார்த் தீவிலோ காற்றே வாழ்க்கை. தென்மேற்கிலிருந்து சோளகமும் வடகிழக்கிலிருந்து வாடையும் மாறி மாறி வீசுகின்றன.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல்தான். 1914இல் தொடங்கிய கப்பல் போக்குவரத்து 1980களில் நின்றுபோயிற்று. ஆகவே கொழும்புக்குச் சென்று, அங்கிருந்து ரயிலேறித் தீவை அடைந்தேன். மணல்வெளி, பனைமரங்கள், வீதியில் திரியும் கழுதைகள், அரபு வணிகர் கொணர்ந்ததாகச் சொல்லப்படும் பெருத்த பெருக்க மரம் ஆகியவற்றைக் கண்டேன். தென்கரையில் 2020இல் நிறுவப்பட்ட 30 காற்றாலைகள் சுழல்கின்றன.

அங்கு எருக்கலம்பிட்டி என்னும் பழமையான முஸ்லிம் கிராமம் உள்ளது. லுஹர் தொழுகைக்குப் பின் ஒரு முதியவர் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். தகரப் பெட்டியிலிருந்து மஞ்சள் படிந்த காணி உறுதியை எடுத்துக் காட்டினார். நம் ஊரில் பத்திரம் என்போமே, அதுதான்.

1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் சொந்த மண்ணை இழந்தனர். மன்னார்த் தீவினர் படகுகளில் கற்பிட்டிக் கரை சேர்ந்தனர். அந்நாளில் இவர் மடியில் மறைத்துக்கொண்டு சென்ற ஒரே சொத்து இந்தக் காகிதமே. 2009இல் போர் முடிந்தபின் சிலர் திரும்பினர். பலர் புத்தளம் பகுதியிலேயே வேரூன்றிவிட்டனர். இவருடைய மக்களும் அங்கேதான் இருக்கின்றனர்.

“கோபம் தீர்ந்ததா, பெரியவரே?” என்று கேட்டேன்.

“துவக்கோடு நின்றவர்களின் முகம் மறந்துபோயிற்று, மௌலவி. படகடிக்குத் தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்து, என் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்து அழுத கத்தோலிக்கச் சகோதரரின் முகம் மறக்கவில்லை. திரும்பி வந்ததும் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போனேன்” என்றார்.

அயலாரின் உரிமையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எத்துணை வலியுறுத்தினார்கள் என்று மத்ரஸாவில் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். அந்தப் பாடத்தை அன்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாசகர்களே, அநீதியைத் தடுக்கும் வலிமை எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. ஆயினும் ஒரு குடம் தண்ணீர் எல்லார் வீட்டிலும் உண்டு. நம் தெருவில் எந்த மதத்துக் குடும்பமேனும் கண்ணீரோடு வெளியேறும் நாள் வந்தால், நாம் கதவைச் சாத்திக்கொள்வோமா, குடத்தைத் தூக்குவோமா? இன்றிரவு உணவு வேளையில் இதனைப் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.