ஒல்லியானவர்களும் ஓட வேண்டும்

கல்லூரிகளில் மருத்துவ முகாம் என்றால் முதல் வேலை எடை பார்ப்பதுதான். உயரத்தையும் எடையையும் வைத்து பிஎம்ஐ கணக்கிடுகிறார்கள். 25-ஐத் தாண்டியவருக்கு ‘வெயிட்டைக் குறைங்க’ என்ற அறிவுரை கிடைக்கிறது. 21-இல் இருப்பவர் நிம்மதியாக வகுப்புக்குத் திரும்புகிறார். விடுதியின் மூன்றாம் மாடிக்கு ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்குமே, அதை யாரும் கேட்பதில்லை. மாணவர்களின் உடல்நலம் பற்றிய நம் அக்கறை முழுவதும் எடையிலேயே தேங்கிக் கிடக்கிறது. இது மாற வேண்டும்.

எடையை அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் கூடுதல் எடை கொண்டவர்கள். எடை ஏறினால் ஓட்டமும் தாண்டுதலும் தளரும் என்பதும் உண்மை. ஆனால் எடை மிகவும் குறைந்தவர்களுக்கும் தசை வலு இருப்பதில்லை. நடுவில் இருப்பவர்களின் கதையோ இன்னும் சிக்கலானது.

புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யுட்கினும் சேர்ந்து நிற்கும் ஒரு படம் 2004இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. இருவருக்கும் பிஎம்ஐ 22.3. யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக் உடலில் 21.2. பார்வைக்கு இருவருமே ஒல்லிதான். ஒரே பிஎம்ஐயிலும் கூடுதல் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும் இந்திய உடலின் இந்த இயல்பால்தான், நமக்கு 23-லேயே கூடுதல் எடை, 25-லேயே உடல் பருமன் என்று மருத்துவர்கள் வரம்பைக் கீழே இறக்கினார்கள். எவ்வளவு இறக்கினாலும், தசை எவ்வளவு, நுரையீரலும் இதயமும் எவ்வளவு தாங்கும் என்பது அந்த எண்ணுக்குள் வராது.

எடையை மட்டும் பிடித்துக்கொண்ட கல்லூரி என்ன பாடுபட்டது என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. பிஎம்ஐ 30-ஐ எட்டிய மாணவர்கள் தனி உடற்பயிற்சிப் பாடம் முடித்தால்தான் பட்டம் என்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள லிங்கன் பல்கலைக்கழகம் விதி வைத்திருந்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் 2009இல் அதைக் கைவிட்டது. எல்லோருக்கும் தேவையான பாடத்தைச் சிலருக்கு மட்டும் தண்டனையாக்கினால் வேறென்ன நடக்கும்? சீனாவில் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் தேசிய உடல்தகுதித் தேர்வில் பிஎம்ஐக்கு நூற்றுக்குப் பதினைந்து மதிப்பெண்தான். ஓட்டம், தாண்டுதல், மூச்சுக் கொள்ளளவு போன்றவற்றுக்கே மற்றதெல்லாம். அவர்களுடைய கெடுபிடி நமக்கு வேண்டாம். அந்தப் பங்கீடு வேண்டும்.

இங்கே நிலைமை என்ன? அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழுள்ள பொறியியல் கல்லூரிகளில் சேரும் மாணவர் நாட்டு நலப்பணித் திட்டம் (என்எஸ்எஸ்), தேசிய மாணவர் படை (என்சிசி), தேசிய விளையாட்டு அமைப்பு (என்எஸ்ஓ), இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் (ஒய்ஆர்சி) ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் பிளேஸ்மென்ட் பயிற்சி தொடங்கியதும் மைதானத்துக்கான நேரம்தான் முதலில் பறிபோகிறது. காவலர் தேர்வில் 1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் கடக்க வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் பட்டதாரி இளைஞர்கள் பலர் ஓடவே தொடங்குகிறார்கள். மாணவிகளின் பாடு இன்னும் மோசம். பல மகளிர் விடுதிகளில் ஆறு, ஆறரைக்கெல்லாம் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். ஆய்வக வகுப்பு முடிந்து அறைக்கு வரவே ஐந்தாகிவிடும்போது அவர்கள் எப்போது விளையாடுவது? பாதுகாப்பின் பெயரால் அவர்களை அறைக்குள் உட்காரவைத்துவிட்டு, ‘வெயிட் போட்டுவிட்டது’ என்று குறை சொல்வது அநியாயம்.

கல்வியாண்டின் தொடக்கத்தில் எல்லா மாணவர்களுக்கும் உடல்தகுதிச் சோதனை நடக்கட்டும். ஓட்டம், தண்டால், கைப்பிடி வலு என்று எளிமையாக இருந்தால் போதும். அதற்கு மதிப்பெண் கூடாது. முடிவைத் தகவல் பலகையில் ஒட்டவும் கூடாது. போன ஆண்டைவிடத் தான் தேறியிருக்கிறோமா என்று மாணவர் பார்த்துக்கொண்டால் சரி. வாரம் மூன்று மணி நேரமாவது கால அட்டவணையில் மைதானத்துக்கு ஒதுக்கி, அதை வேறெந்தப் பாடமும் கடன் வாங்காமல் உடற்கல்வி இயக்குநரிடம் விட வேண்டும். மகளிர் விடுதிகளுக்கு விளக்கும் காவலும் உள்ள மைதானம் இரவு எட்டு மணி வரையாவது திறந்திருக்க வேண்டும். மைதானத்தைப் பேருந்து நிறுத்துமிடமாக்கிவிட்ட கல்லூரிகளும் உண்டு. இணைப்பு அங்கீகாரத்தைப் புதுப்பிக்க அவை விண்ணப்பிக்கும்போது, ஆய்வகத்தையும் நூலகத்தையும் பார்க்கும் ஆய்வுக்குழு மைதானத்தையும் போய்ப் பார்க்கட்டும்.